காணும் பொருள்தோறும் தெய்வம்: ஓவியர் நந்தலால் போஸ்

கல்கத்தா கலைப் பள்ளியின் மாணவர் ஒருவர், தாம் தீட்டிய உமையின் படத்தை ஒருநாள் தம் ஆசிரியரிடம் காட்டினார். சிவபெருமானை அடைவதற்காகக் கடுந்தவம் புரியும் உமை அவள். படத்தில் வண்ணம் மிகக் குறைவு, அணிகலன்களோ இல்லை. சிறிது வண்ணமும் சில அணிகளும் சேர்த்தால் படம் பொலிவு பெறும் என்றார் ஆசிரியர். மாணவர் மறுப்பேதும் கூறாமல் படத்துடன் திரும்பிச் சென்றார்.

அன்றிரவு ஆசிரியருக்கு உறக்கம் வரவில்லை. தவத்தில் உருகி நிற்கும் உமைக்கு அணிகலன் எதற்கு? மாணவர் தம் அகக்கண்ணால் கண்ட உமையை மாற்றச் சொல்லத் தமக்கு என்ன உரிமை? இந்த எண்ணங்கள் அவரை வாட்டின. பொழுது விடிந்ததும் மாணவரின் இருப்பிடத்திற்கு விரைந்தார். படத்தைத் திருத்துவதற்காக மாணவர் அமர்ந்திருந்தார். நல்லவேளையாகத் தூரிகை இன்னும் படத்தைத் தொடவில்லை. ஆசிரியர் அவரைத் தடுத்து, தமது கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அந்த ஆசிரியர் அவனீந்திரநாத தாகூர். மாணவர் நந்தலால் போஸ். சீடன் கண்ட காட்சியைக் குரு மதித்த அந்த விடியற்காலை இந்தியக் கலை வரலாற்றில் நினைவுகூரத்தக்கது.

அன்னை தந்த விரல்கள்

நந்தலால் 1882 டிசம்பர் 3 அன்று பீகாரிலுள்ள முங்கேர் மாவட்டத்தின் கரக்பூரில் பிறந்தார். தந்தை பூர்ணசந்திர போஸ் தர்பங்கா சமஸ்தானத்தில் பணியாற்றியவர். அன்னை க்ஷேத்ரமணி தேவி பொம்மைகள் செய்வதில் கைதேர்ந்தவர். அவரது விரல்களிடையே உருவங்கள் பிறப்பதைக் கண்டு வளர்ந்த சிறுவன், ஊர்க் குயவர்கள் களிமண்ணில் தெய்வத் திருமேனிகளை வனைவதையும் மெய்ம்மறந்து பார்ப்பான். தானும் செய்து பார்ப்பான். அன்னை அவரது இளவயதிலேயே மறைந்தார். எனினும் அவர் விதைத்தது மறையவில்லை.

பதினைந்தாம் வயதில் படிப்பிற்காகக் கல்கத்தா வந்தார். கல்லூரிக் கல்வி அவருக்குக் கைகூடவில்லை. தேர்வுகளில் தொடர்ந்து தோற்றார். வணிகம் பயிலுமாறு குடும்பத்தினர் வற்புறுத்தினர். இதற்கிடையில் அவனீந்திரநாதரின் ஓவியங்கள் பத்திரிகையில் அச்சாகியிருந்ததைக் கண்ட அவர், தமது வழி எதுவென்று உணர்ந்தார். 1905-இல் கலைப் பள்ளியில் சேர்ந்து அவரிடம் மாணவரானார். மணமான இளைஞர், வருவாய்க்கு உறுதியில்லாத ஒரு கலையைத் தேர்ந்தெடுப்பது அக்காலத்தில் எளிய முடிவன்று.

1908-இல் அவரது சிவ-சதி ஓவியம் ஐந்நூறு ரூபாய் பரிசு பெற்றது. அந்தப் பணத்தை அவர் யாத்திரைக்குச் செலவிட்டார். வடநாட்டுத் தலங்களையும் தென்னாட்டுக் கோயில்களையும் கண்டு, சிற்பிகள் விட்டுச்சென்ற செல்வத்தை உள்ளத்தில் நிறைத்துக்கொண்டு திரும்பினார்.

நிவேதிதையின் வழிகாட்டல்

சகோதரி நிவேதிதையின் தொடர்பு அவரது வாழ்வில் ஒரு திருப்பமாக அமைந்தது. பாக்பஜாரில் இருந்த நிவேதிதையின் இல்லத்திற்கு நண்பருடன் முதன்முறை சென்றபோது, தரையில் அமருமாறு அவர் கேட்டுக்கொண்டார். நாற்காலி அளிக்கவில்லையே என்று இளைஞர்களுக்குச் சற்று வருத்தம். ஆனால் புத்தர் பிறந்த நாட்டினர் இவ்வாறு அமர்ந்திருப்பதைக் காண்பதே தமக்கு ஆனந்தம் என்று நிவேதிதை விளக்கியதும் அந்த வருத்தம் நீங்கியது. தம் நாட்டின் எளிய இருக்கையிலும் அழகு உண்டென்பதை அயர்லாந்திலிருந்து வந்த ஒரு பெண்மணி அவர்களுக்கு உணர்த்தினார்.

கிறிஸ்டியானா ஹெரிங்காம் என்ற ஆங்கில அம்மையார் அஜந்தாவின் சுவரோவியங்களைப் படியெடுக்க வந்தபோது, இந்திய இளைஞர்களும் அப்பணியில் ஈடுபட வேண்டும் என்று அவனீந்திரநாதரை வற்புறுத்தியவரும் நிவேதிதையே. இவ்வாறு நந்தலால் 1909-இல் அஜந்தா சென்றார். குகைகளின் மங்கிய ஒளியில், பெயரைக்கூட எழுதி வைக்காத பிக்ஷுக்களும் ஓவியர்களும் வரைந்த கோடுகளை நாள்தோறும் தம் கையால் பின்தொடர்ந்தார். பின்னாளில் அவரது சுவரோவியங்களில் காணப்படும் உறுதியான, கருணை ததும்பும் கோடுகளுக்கு இதுவே பயிற்சிக் களம். நிவேதிதை 1911-இல் மறைந்தார். அவர் காட்டிய திசையிலிருந்து நந்தலால் விலகவில்லை.

சாந்திநிகேதனின் ஆசான்

கவி ரவீந்திரநாத தாகூரின் அழைப்பை ஏற்றுச் சாந்திநிகேதன் சென்ற நந்தலால், கலாபவனத்தின் பொறுப்பை ஏற்று 1951-இல் ஓய்வு பெறும்வரை அதனை வளர்த்தார். வினோத்பிகாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் ஆகியோர் அங்கு அவரிடம் பயின்றவர்கள். திரைப்பட மேதை சத்யஜித் ராயும் அவர் மாணவரே.

ஜப்பானிய அறிஞர் ஒகாகுரா ஒருமுறை மூன்று தீக்குச்சிகளை முக்கோணமாக அடுக்கி, இயற்கை, மரபு, சுயபடைப்பு ஆகிய மூன்றும் இணைந்ததே கலை என்று விளக்கியிருந்தார். அந்தப் பாடத்தை நந்தலால் தம் மாணவர்களிடம் கொண்டு சேர்த்தார். அருகிலிருந்த சந்தால் பழங்குடியினரின் ஊர்களும், செம்மண் நிலமும், பனைமரங்களும் அங்கே பாடநூல்களாயின. தாமும் கையில் கிடைத்த அஞ்சலட்டைகளில் கண்டதையெல்லாம் வரைந்துவந்தார். ஜபம் செய்பவர் மாலையை விடாததுபோல் அவர் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

ஒரே ஆண்டு, இரு காணிக்கைகள்

1938 ஜனவரி 14 அன்று பேலூர் மடத்தில் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன் அலங்கார வேலைப்பாடுகளை வடிவமைத்தவர் நந்தலால். அடுத்த மாதமே குஜராத்தின் ஹரிபுரா கிராமத்தில் காங்கிரஸ் மாநாடு கூடியது. மாநாட்டு நகரை அலங்கரிக்கும் பணியைக் காந்திஜி அவரிடம் ஒப்படைத்திருந்தார். உப்பு சத்தியாகிரகத்தின்போது, கோலூன்றி நடக்கும் காந்திஜியைக் கருப்பு வெள்ளையில் செதுக்கி அச்சிட்டவர் அவரே.

ஹரிபுராவிற்காக அவரும் மாணவர்களும் தீட்டிய படங்கள் ஏறத்தாழ நானூறு. கையால் செய்த காகிதம், மண்ணிலிருந்து எடுத்த வண்ணங்கள், நாட்டுப்புறப் பட ஓவியத்தின் வேகமான கோடுகள்! அப்படங்களில் அரசர்களோ தலைவர்களோ முதன்மை பெறவில்லை. குயவர், தச்சர், மத்தளம் கொட்டுபவர், நெல் குத்தும் பெண், குழந்தையை அணைத்த தாய் ஆகியோரே இடம்பெற்றனர். அவை மாநாட்டிற்கு வந்த உழவர்களின் பார்வையில் படும்படி வாயில்களிலும் பந்தல்களிலும் வைக்கப்பட்டன. ஓவியக் கூடத்திற்கு ஒருநாளும் செல்லாத மக்கள் தங்கள் உழைப்பையே அங்கே ஓவியமாகக் கண்டனர்.

முற்காலத்தில் தெய்வ உருவங்களில் மட்டுமே தெய்வத்தைக் காண முயன்றதாகவும், பிறகு மனிதரிலும் மரத்திலும் மலையிலும் அதைக் காண முயல்வதாகவும் நந்தலால் கூறியிருக்கிறார். ஆலயத்திற்கும் கிராமப் பந்தலுக்கும் ஒரே ஈடுபாட்டுடன் பணிபுரிந்தது எவ்வாறு என்பதற்கு இதுவே விடை. கருவறையில் உறைவதும் குயவரின் சக்கரத்தருகே அமர்ந்திருப்பதும் ஒன்றே என்று உணர்ந்தவருக்கு உயர்ந்த பணி, தாழ்ந்த பணி என்ற பேதம் இருக்க முடியாது.

நிறைவு

சுதந்திர இந்தியாவின் அரசியல் சாசனத்தைப் பிரேம் பிகாரி நாராயண் ராய்ஜாதா அழகிய கையெழுத்தில் எழுத, அதன் ஏடுகளை அணிசெய்யும் பொறுப்பு நந்தலாலுக்கு வந்தது. அவரும் மாணவர்களும் சேர்ந்து அதனை நிறைவேற்றினர். மொஹஞ்சதாரோவின் காளை முத்திரை, குருகுலம், புத்தர், மகாவீரர் என்று தொடரும் அந்தச் சித்திரங்களில், நம் நாட்டின் நடராஜரும் மாமல்லபுரத்துத் தவக்காட்சியும் உண்டு.

1954-இல் பத்மவிபூஷண் விருது பெற்ற அவர், 1966 ஏப்ரல் 16 அன்று மறைந்தார்.

உமையின் படத்தில் அணிகலன்களைத் தவிர்த்த இளைஞரையும், ஹரிபுராவில் உழைக்கும் மக்களை வரைந்த முதியவரையும் நடத்திச் சென்றது ஒரே பார்வைதான். உள்ளிருக்கும் உயிரைக் கண்டுகொண்டால் புற அலங்காரம் தேவைப்படாது. நம் தெருவில் மண் பிசையும் கைகளைக் கடந்து செல்லும்போது ஒரு கணம் நின்று பார்ப்போமானால், நந்தலால் கண்டதில் சிறிதளவு நமக்கும் கிட்டும்.