நீல்ஸ் போர்: சொல்லின் எல்லை கண்ட அறிஞர்

டென்மார்க் நாட்டுத் தலைநகராகிய கோபன்ஹேகனில் 1885ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் நீல்ஸ் போர் பிறந்தார். தந்தை கிறிஸ்டியன் உடலியல் பேராசிரியர். அவருடைய நண்பரும் மெய்யியல் பேராசிரியருமான ஹெஃப்டிங் முதலியோர் இல்லத்திற்கு வந்து உரையாடுவர். நீல்சும் தம்பி ஹாரல்டும் அமைதியாக அமர்ந்து கேட்பர். தன் எண்ணத்தைத் தானே கவனிக்க முயன்று, கவனிப்பவன் எவன் என்று திகைக்கும் மாணவனைப் பற்றிய டேனியப் புதினம் ஒன்று போருக்கு மிகவும் பிடித்தமானது. தம்மை நாடி வந்த இளம் அறிஞர்களையும் அதைப் படிக்கச் செய்தார்.

1913இல் அணுவின் அமைப்பை விளக்கினார். 1922இல் நோபல் பரிசு பெற்றார். ஆயினும் அவரை விடாது பற்றிய வினா வேறு. எலக்ட்ரான் ஓர் ஆய்வில் துகளாகவும், மற்றோர் ஆய்வில் அலையாகவும் தோன்றுகிறது. எது உண்மை? ஒன்றைக் கொண்டு மற்றதைத் தள்ளலாகாது. இரண்டும் சேர்ந்தே முழு விளக்கமாகும் என்று 1927இல் இத்தாலியின் கோமோ நகரில் எடுத்துரைத்தார்.

துகள், அலை என்பன கூழாங்கல்லையும் குளத்து நீரையும் கண்டு நாம் பழகிய சொற்கள். எனினும், ஆய்வில் செய்ததையும் கண்டதையும் பிறர்க்கு உரைக்க நம் பொதுமொழியன்றி வேறு வழியில்லை. ஆகவே எந்த ஆய்வில் கண்டோம் என்பதையும் சேர்த்துச் சொன்னாலன்றி அச்சொல் பொருள்படாது என்பது அவர் துணிபு. ஐன்ஸ்டைன் இதை ஏற்கவில்லை. 1955இல் ஐன்ஸ்டைன் மறையும்வரை கருத்து வேறுபாடு நீடித்தது, நட்பு குன்றவில்லை.

தாய்வழியில் யூதரான போர், 1943இல் நாஜிகளிடமிருந்து தப்பிப் படகில் சுவீடன் சேர்ந்தார். பின்னர் அமெரிக்காவில் அணுகுண்டுப் பணிக்கு ஆலோசனை வழங்கினார். இதை மறைத்தல் முறையன்று. அப்பேராற்றலின் கேட்டை உணர்ந்து, நாடுகள் ஒளிவுமறைவின்றி வாழவேண்டும் என 1950இல் ஐக்கிய நாடுகள் சபைக்குத் திறந்த மடல் வரைந்தார்.

1960இல் சென்னைக்கு வந்த போர், அல்லாடி ராமகிருஷ்ணன் இல்லத்தில் பயின்ற இளைஞர்களைக் கண்டு மகிழ்ந்தார். அவ்வூக்கத்தின் பயனாக 1962இல் கணித அறிவியல் நிறுவனம் அங்கே தோன்றியது. அவ்வாண்டு நவம்பர் 18ஆம் நாள் போர் மறைந்தார்.

அவரது நூற்றாண்டாகிய 1985இல், இயற்பியலறிஞர் கோத்தாரி அவர் கோட்பாட்டை நம் சியாத்வாதத்துடன் ஒப்பிட்டு எழுதினார். இரண்டும் ஒன்றே எனக் கொள்ளல் பிழை. அணுவை ஆராய்ந்தவர் கண்டது அணுவின் இயல்பு. அதற்கு முன்னரே சான்றோர் நமக்கு உணர்த்தியது எப்பொருளையும் நோக்கும் முறை. எனினும், 'எந்நிலையில் நின்று இதைச் சொல்கிறோம்?' என்று பேசுமுன் வினவும் பழக்கம் இரண்டிற்கும் பொது. அதை நம் பிள்ளைகளுக்குப் பயிற்றுவோமாக.