நூலகர் ரங்கநாதனும் நமது வாலிபர்களும்

பழவேற்காடு ஏரியை அடுத்த திருப்பாலைவனம் முதலிய கிராமங்களில், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டுகள் எழும்புவதைக் கண்டு வளரும் பிள்ளைகள் விஞ்ஞானம் கற்க விரும்புவது இயல்பே. வலைவீசிப் பிழைக்கும் தந்தையர் கடன்பட்டேனும் அவர்களைப் படிக்க வைக்கிறார்கள். அவ்வாறு படித்தவன் பின்னர் வேறு தொழிலில் இறங்கினால், படிப்பெல்லாம் பாழாயிற்றென்று ஊரார் பேசுவதும், அவனும் அதை நம்பி மனங்குன்றுவதும் உண்டு. இவ்வபிப்பிராயம் தவறென்பதற்கு, இந்திய நூலக சாஸ்திரத்தின் தந்தையெனப் போற்றப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் அவர்களின் சரித்திரமே சாட்சியென்று நாம் கருதுகிறோம்.

அவர் 1892-ல் சீர்காழியில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணித சாஸ்திரம் பயின்று எம். ஏ. பட்டம் பெற்றார். 1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர், சென்னை ராஜதானிக் கல்லூரி ஆகிய இடங்களில் கணிதம் போதித்தார். மாணாக்கர் அவரை நேசித்தனர். ஆயினும் சம்பளம் குடும்பத்திற்குப் போதவில்லை. நண்பர்கள் வற்புறுத்தவே சென்னை சர்வகலாசாலையின் நூலகர் பதவிக்கு மனுச் செய்து, 1924 ஜனவரியில் அதை ஏற்றார்.

ஏற்ற சில தினங்களிலேயே அவருக்கு அவ்வுத்தியோகம் கசந்துவிட்டது. மாணாக்கரின் கலகலப்பில் பழகியவருக்கு, வாசிப்போர் அருகிய அம்மண்டபத்தின் தனிமை பொறுக்கவில்லை. பழைய வேலைக்கே திரும்ப விரும்பினார். லண்டன் சென்று அத்தொழிலைக் கற்று வந்த பிறகும் பிடிக்கவில்லையென்றால் திரும்பலாமென்று மேலோர் கூறினர். இந்த யோசனையே அவர் வாழ்வைத் திருப்பிற்று.

முப்பது வயதைக் கடந்த ஆசிரியர் லண்டனில் மீண்டும் மாணாக்கரானார். அந்நாட்டு நூலகங்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்தார். புஸ்தகங்களை வகுக்கும் அக்கால முறைகள், விஷயங்களை முன்கூட்டியே எண்ணிட்டு வைத்திருந்தன. புதிய விஷயம் தோன்றினால் அதற்கு இடமில்லை. ஒரு கடையில், சில துண்டுகளையே பலவிதமாகப் பூட்டிப் பல பொம்மைகள் செய்யும் விளையாட்டுக் கருவியை அவர் கண்டார். கணிதம் பயின்ற அறிவு அதன் தத்துவத்தை உடனே பற்றிக்கொண்டது. ஏரி மீன்களுக்கு வரும் நோயைப் பற்றி ஒரு நூல் இருப்பதாகக் கொள்வோம். மீன் ஒரு கூறு. நோய் ஒரு கூறு. ஏரி மற்றொரு கூறு. கூறுகளுக்குத் தனித்தனிக் குறியிட்டு, வேண்டியபோது இணைத்துக்கொண்டால் எப்புதிய நூலுக்கும் இடமுண்டு. இவ்வாறு பிறந்ததே 1933-ல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை. அதற்கு முன்பே, 1931-ல், நூலகத் தொழில் முழுவதையும் ஐந்து விதிகளில் அடக்கினார். புஸ்தகம் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுவதற்கே என்பது அவற்றுள் முதலாவது.

அவ்வாண்டே மன்னார்குடியில் எஞ்சினீயர் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நடமாடும் நூலகம் ஒன்றை அமைத்தார். அதனைத் தொடங்கி வைத்தவர் ரங்கநாதனே. அவர் பல்லாண்டு பாடுபட்டதன் பயனாக, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாயிருந்தபோது, 1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. வீட்டு வரியுடன் நூலக வரி வசூலித்துக் கிராமங்களில் நூலகம் நடத்த அது வழிசெய்தது. தம் சேமிப்பில் ஒரு லட்சம் ரூபாயை நூலகக் கல்விக்கென்றே சென்னை சர்வகலாசாலைக்கு அளித்த அவர், 1972-ல் காலமானார்.

இச்சரித்திரத்தில் நாம் காண்பது இரண்டு. அவர் கணித உத்தியோகத்தை விட்டாரேயன்றிக் கணிதத்தை விடவில்லை. புதுத் தொழிலைக் கற்கக் கூசவுமில்லை. ஆகவே, தொழில் மாறும் வாலிபன் பழைய படிப்பைச் சுமையென்று எறிந்துவிடாமல் கருவியாகக் கொண்டு செல்லவேண்டும். புதிய தொழிலில் மாணாக்கனாக உட்காரவும் துணியவேண்டும்.

பெரியோர் கடமையும் ஒன்றுண்டு. ரங்கநாதனுக்குப் பயிற்சியும் கிட்டியது. திரும்பிவர வழியும் திறந்திருந்தது. அவ்விரண்டும் இல்லாதிருந்தால் தேசம் ஒரு மேதையை இழந்திருக்கும். ஏரிக்கரைக் கிராமத்துப் பட்டதாரிக்கும் அவ்விரண்டும் கிடைக்கச் செய்வதே பொதுஜன ஊழியர் செய்யத்தக்க பணி. ஏளனம் செய்வது எளிது. வழி திறந்து வைப்பதே தேசத்தொண்டு.