சம்மட்டிபுரத்தில் உறங்கும் கமாண்டன்ட்

காளவாசலிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், சம்மட்டிபுரத்தில், ஒரு பழைய பள்ளிவாசல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அடக்கமாகியிருப்பவர் கான் சாகிப் என்கிற மருதநாயகம். கமல்ஹாசன் 1997-ல் படம் எடுக்க ஆரம்பித்தாரே, அவரேதான்.

ராமநாதபுரம் சீமையில் பனையூர்க்காரர். பிழைப்பு தேடி புதுச்சேரி, தஞ்சாவூர், நெல்லூர் என்று அலைந்தவர், இஸ்லாத்தைத் தழுவி யூசுப் கான் ஆனார். கிளைவின் படையில் சிப்பாய்களோடு சேர்ந்தார். திருச்சி முற்றுகையில்தான் பேர் வெளியே வந்தது. பிரெஞ்சுக்காரர்களும் மைசூர்ப் படையும் சூழ்ந்து நிற்க, ஆங்கிலேயர் முகாமுக்குத் தானியம் வந்து சேருவதே பெரும் பாடு. அந்தப் பொதிகளுக்குக் காவலாகப் போய்வந்தவர் இவர். மேஜர் லாரன்ஸ் இவரை அப்படி நம்பினார். 1754-ல் கம்பெனி சிப்பாய்கள் அத்தனை பேருக்கும் கமாண்டன்ட் ஆக்கினார்கள். தங்கப் பதக்கமும் கிடைத்தது.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை வளைத்தபோது, வெளியே நின்று அவருடைய தளவாடப் பாதைகளைத் தாக்கிக்கொண்டே இருந்தார். இரண்டு மாதத்தில் லாலி திரும்பிப் போக வேண்டியதாயிற்று.

அடுத்து வந்ததுதான் பேரேடு பார்த்தே காலம் கழித்த எனக்குப் பிடித்த பகுதி. மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் குத்தகைக்கு இவர் கைக்கு வந்தன. குளம் கண்மாய்களைச் செப்பனிட்டார். மீனாட்சி அம்மன் கோயிலுக்கு நின்றுபோயிருந்த மானியத்தைத் திரும்பக் கொடுத்தார். நெற்கட்டும்செவல் பூலித்தேவரை வீழ்த்தியவரும் இவரே. தெற்கத்திச் சீமையில் இவரைப் பற்றி வேறு மாதிரிதான் பேசுவார்கள், அதை நான் மறைக்கப் போவதில்லை.

சீமை செழித்ததும் ஆற்காடு நவாப் முகமது அலிக்குப் பொறுக்கவில்லை. தனக்குக் கீழே அடங்கி நிற்கச் சொன்னார். கம்பெனியும் நவாப் பக்கம் சாய்ந்தது. கான் சாகிப் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றிவிட்டார்.

1763-ல் வந்த கம்பெனிப் படை மழைக்காலத்தோடு திரும்பியது. மறு வருஷம் ஜூனில் மதிலை உடைத்து ஏறப் பார்த்தும் முடியவில்லை. அதன் பிறகு தானியம் உள்ளே போகாமல் அடைத்தார்கள். திருச்சியில் எந்தப் பசியிலிருந்து கம்பெனியைக் காப்பாற்றினாரோ, அதே பசி. அக்டோபர் 13-ம் தேதி, தொழுகையில் இருந்தவரை, கூடவே இருந்த திவான் சீனிவாச ராவும் பிரெஞ்சுக்காரர் மார்ஷானும் ஆட்களோடு வந்து கட்டிப்போட்டார்கள். 15-ம் தேதி மாலை, கோட்டைக்கு மேற்கே இருந்த முகாமில் தூக்கு. பதக்கம் வாங்கிப் பத்துப் பன்னிரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

உடலைத் துண்டாக்கிப் பல ஊர்களுக்கு அனுப்பினார்கள் என்று சொல்வார்கள். அடக்கம் செய்த இடத்தில் 1808-ல் பள்ளிவாசல் எழுந்தது. ஊருக்குள்ளே கான்சா மேட்டுத் தெரு என்று ஒன்று இருக்கிறதே, அந்தக் கான்சாவும் இவர்தான்.