சிரம்பான் தோட்டத்து மருத்துவர் சிவானந்த யோகியான வரலாறு

கங்கைக் கரையில் அமர்ந்து உலகெங்கும் யோகக் கலையைப் பரப்பிய தவத்திரு சுவாமி சிவானந்த சரசுவதி அவர்கள், துறவு பூணுவதற்கு முன்னர் பத்து ஆண்டுகள் நம் மலாயா மண்ணில் மருத்துவத் தொண்டு புரிந்தவர். இச்செய்தி நம் ஆலயங்களுக்கு வருகின்ற இளைஞர் பலருக்குத் தெரிவதில்லை. எங்கள் ஆலய மண்டபத்தில் சுவாமிகளின் படம் பல ஆண்டுகளாகத் தொங்குகிறது. அது யாருடைய படம் என்று திருவிழா வேலைக்கு வந்திருந்த பிள்ளைகளைக் கேட்டேன். ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதனாலேயே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணிப் பாசனத்தால் செழித்த பத்தமடை என்னும் ஊரில், 1887-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள், வெங்கு ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் மகனாகத் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் குப்புசாமி. சைவத்திலும் வேதாந்தத்திலும் புகழ் பெற்ற அப்பைய தீட்சிதர் வழிவந்த குடும்பம் அது. எட்டயபுரத்தில் பள்ளிப் படிப்பு. பின்னர் திருச்சியில் கல்லூரி. அதன்பின் தஞ்சையில் மருத்துவக் கல்வி. தந்தையார் மறையவே படிப்பு இடையில் தடைப்பட்டது. ஆயினும் மருத்துவ ஆர்வம் குறையாமல் 1909-ஆம் ஆண்டு 'அம்புரோசியா' என்ற ஆங்கில மருத்துவ இதழைத் தொடங்கிச் சில ஆண்டுகள் நடத்தினார்.

சிறுவயது முதலே உடற்பயிற்சியில் நாட்டம் மிக்கவர். பின்னிரவிலேயே எழுந்து பயிற்சிக்குச் சென்றுவிடுவார். அக்காலத்தில் அவருக்கு வாள்வீச்சு கற்றுக் கொடுத்தவர் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். அந்தண குலத்துப் பிள்ளை அவரிடம் சீடனாகச் செல்வது தகாது என்று ஊரார் தடுத்தனர். ஆனால் குப்புசாமி பூவும் மாலையும் எடுத்துக்கொண்டு நேரே அந்த ஆசிரியர் முன்சென்று, மாலை சூட்டி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கினார். நூறாண்டுக்கு முந்திய திருநெல்வேலியில் இது எத்துணைத் துணிவான செயல் என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள்.

1913-ஆம் ஆண்டு மலாயாவுக்குக் கப்பலேறினார். ஆசாரக் குடும்பத்தில் வளர்ந்தவராகையால் கப்பல் உணவைத் தொட மனம் ஒப்பவில்லை. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த இனிப்புப் பண்டங்களையே தின்று, தண்ணீரைக் குடித்து நாள்களைக் கழித்தார். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் இறங்கியபோது அரை உயிராக இருந்தாராம். அறிமுகக் கடிதம் ஒன்றைப் பெற்றுக்கொண்டு சிரம்பான் வந்து சேர்ந்தார். அங்கே இருந்த டாக்டர் பார்சன்ஸ் என்பவர் வழியாக அருகிலிருந்த ரப்பர் தோட்டத்தின் நிர்வாகியான ராபின்ஸ் துரையைச் சந்தித்தார். தோட்ட மருத்துவமனையைத் தனியாக நடத்த முடியுமா என்று துரை வினவ, ஒன்றென்ன, மூன்றையும் நடத்துவேன் என்ற பொருள்படக் குப்புசாமி விடையிறுத்தார். அன்றே வேலை கிடைத்தது.

அந்நாளையத் தோட்டங்களின் நிலையை நம் பாட்டனார் வாயிலாகக் கேட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காடு திருத்திய இடங்களில் மலேரியாக் காய்ச்சல் கொத்துக் கொத்தாக உயிர்களைக் கொண்டு போயிற்று. வெறுங்காலுடன் வேலை செய்த மக்களைக் கொக்கிப்புழு நோய் இரத்தமின்றி வெளுக்கச் செய்தது. வயிற்றுக்கடுப்புக்குக் கணக்கே இல்லை. இத்தகைய சூழலில் ஏறத்தாழ ஏழாண்டுகள் அவர் அந்த மருத்துவமனையைக் கவனித்தார். நோயாளியிடம் பணம் இல்லையென்றால் மருந்தையும் கொடுத்துத் தம் கையிலிருந்து பணத்தையும் கொடுத்தனுப்புவார். பின்னர் ஜொகூர் பாருவிலே மூன்றாண்டுகள் பணியாற்றினார்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்போது அவர் நல்ல உடையும் நகையும் விரும்பி அணிபவராக இருந்தார். பத்து விரல்களிலும் மோதிரம் போட்டுக்கொண்ட காலமும் உண்டு என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். மகான்களின் வரலாற்றை எழுதுவோர் இத்தகைய செய்திகளை விட்டுவிடுவது வழக்கம். அவர் தாமே ஒப்புக்கொண்டதை நாம் ஏன் விட வேண்டும்?

இதே மலாயாவில்தான் அவருடைய சாதனை வாழ்வும் முளைவிட்டது. பூசை, பாராயணம், பசனை ஆகியவற்றோடு மூச்சைக் கவனித்தல், உள்ளொலியில் மனத்தை ஒடுக்குதல் ஆகிய யோகப் பயிற்சிகளையும் மருத்துவ வேலைக்கு நடுவே செய்து வந்தார். ஒருநாள் சாது ஒருவர் ஜீவபிரம்ம ஐக்கியத்தைப் பற்றிய வேதாந்த நூலொன்றை அவருக்குக் கொடுத்தார். அதைப் படித்தது முதல் உள்ளத்தில் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. உடல் நோயைத் தீர்த்து அனுப்பியவர்களே மீண்டும் மீண்டும் திரும்பி வருகிறார்கள். கவலையும் ஆசையும் பயமும் அவர்களை விடுவதில்லை. அதற்கு மருந்து எங்கே? 1923-ஆம் ஆண்டு வேலையைத் துறந்து இந்தியாவுக்குத் திரும்பினார்.

சென்னையில் நண்பர் வீட்டில் பெட்டிகளை வைத்துவிட்டு வெறுங்கையுடன் காசிக்குப் புறப்பட்டார். ஊர் ஊராக அலைந்து மராட்டிய நாட்டில் தாலஜ் என்னும் சிற்றூருக்கு வந்தவர், அங்கிருந்த அஞ்சலக அதிகாரியின் வீட்டில் சமையற்காரராகச் சில காலம் இருந்தார். பத்து விரல்களில் மோதிரம் அணிந்த டாக்டர், பிறர் வீட்டு அடுப்பை ஊதினார்! தனிமையில் தவம் செய்ய ரிஷிகேசமே ஏற்ற இடம் என்று சொல்லி அனுப்பியவரும் அந்த அதிகாரியே. 1924-ஆம் ஆண்டு சூன் முதல் நாள், கங்கைக் கரையில் சுவாமி விசுவானந்த சரசுவதி அவர்களிடம் துறவு தீட்சை பெற்றுச் சிவானந்தர் ஆனார்.

சுவர்க்காசிரமத்தில் கடுந்தவம் செய்த ஆண்டுகளிலும் மருத்துவர் அவரை விட்டுப் போகவில்லை. 1927-ஆம் ஆண்டு, முன்பு செய்திருந்த காப்புறுதியில் வந்த பணத்தைக் கொண்டு இலட்சுமணன் ஜூலாவில் இலவச மருத்துவ நிலையம் ஒன்றைத் தொடங்கினார். ஒருமுறை பத்ரிநாத யாத்திரிகர் ஒருவருக்கு மருந்து கொடுத்து அனுப்பியபின், அதைவிடச் சிறந்த மருந்து நினைவுக்கு வர, அந்த மருந்தோடு மலைப்பாதையில் பல கல் தொலைவு ஓடிச் சென்று கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

1930-களில் முனி கி ரேத்தி என்னுமிடத்தில், மாட்டுத் தொழுவமாக இருந்த பாழடைந்த குடிலில் ஆசிரமம் தொடங்கிற்று. 1936-ஆம் ஆண்டு தெய்வ நெறிக் கழகம், 1945-இல் ஆயுர்வேத மருந்துச்சாலை, 1948-இல் யோக வேதாந்த ஆரண்ய கலாசாலை என ஒன்றன்பின் ஒன்றாக வளர்ந்தன. எளிய ஆங்கிலத்தில் ஏறத்தாழ 300 நூல்கள் எழுதினார்.

சுவாமிகள் யோகத்தை எப்படிக் கற்பித்தார் என்பதே இங்கு நாம் நின்று பார்க்க வேண்டிய இடம். குகையில் இருப்பவர்க்கே உரிய இரகசியமாக அவர் அதை வைத்திருக்கவில்லை. அலுவலகம் செல்பவர், குடும்பத் தலைவி, முதியவர் ஆகிய எல்லார்க்கும் நாள்தோறும் சிறிது நேரம் போதும் என்றார். ஆனால் அந்தச் சிறிது நேரம் ஒருநாளும் தவறக்கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார். ஒரு நாள் இரண்டு மணி நேரம் செய்து, ஒரு வாரம் உடல் வலியோடு படுத்துக்கொள்வதை அவர் ஏற்றதில்லை. வெறும் வயிற்றில், வலிந்து முறுக்காமல், சில ஆசனங்களை மட்டும் தேர்ந்து செய்து, முடிவில் சவாசனத்தில் அங்கங்களைத் தளர்த்திக் கிடக்க வேண்டும். அதனுடன் மூச்சுப் பயிற்சி, அளவான சைவ உணவு, ஜபம், தொண்டு. அன்றன்று செய்ததையும் செய்யத் தவறியதையும் நாட்குறிப்பில் எழுதிவைக்கச் சொன்னார். நோயாளியின் காய்ச்சல் அளவை எழுதிப் பழகிய தோட்ட மருத்துவரின் கை இதில் தெரிகிறதல்லவா?

அவர் சொன்ன பயன்கள் பலவற்றை இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது. மூச்சை மெல்ல உள்ளிழுத்து, அதைவிட நீளமாக வெளிவிடும்போது இதயத் துடிப்பு நிதானம் அடைகிறது, பதற்றம் தணிகிறது, உறக்கம் எளிதில் வருகிறது. தசைகள் நீண்டு சுருங்கிப் பழகுவதால் நாட்பட்ட இடுப்பு வலி குறைகிறது. முதியவர்களுக்கு உடற்சமநிலை கூடி, விழுந்துவிடும் ஆபத்து குறைகிறது. இரத்த அழுத்தம் ஓரளவு இறங்குகிறது. இவை ஒரு வாரத்தில் வருவன அல்ல. மாதக்கணக்கில் விடாமல் செய்பவர்க்கே கிட்டுவன. ஆனால் இரத்த அழுத்தம் மிகுந்தவர்களும் கண் அழுத்த நோய் உள்ளவர்களும் தலைகீழாக நிற்கும் சிரசாசனத்தைத் தவிர்க்க வேண்டும். புத்தகத்துப் படத்தைப் பார்த்துத் தாமே முயல்வது கூடாது.

யோகம் செய்தால் மருந்தே வேண்டாம் என்று சிலர் மேடையில் முழங்குவதை நான் கேட்டிருக்கிறேன். சுவாமிகளின் வாழ்வு அதற்கு நேர்மாறானது. அவருக்கே நீரிழிவு நோய் இருந்தது. இடுப்பு வலியும் இருந்தது. அவற்றை ஒளிக்கவில்லை, மருந்தை வெறுக்கவும் இல்லை. தம் ஆசிரமத்தில் மருத்துவமனையும் கண் சிகிச்சையும் நடத்தியவர் அவர். யோகமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதே அவர் நடந்து காட்டியது.

நம்மவர்க்கு இது ஏட்டுச் செய்தியன்று. 2023-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு உள்ளது. இந்தியர்களிடையே அது மேலும் மிகுதி. ஆலயத்தில் அதைக் கண்கூடாகவே காண்கிறேன். நான் செயலாளர் பொறுப்பேற்ற தொடக்கத்தில் அன்னதானத்துக்குத் தரையில் பாய் விரித்தால் போதும். எல்லாரும் சம்மணமிட்டு அமர்ந்து இலையில் உண்டு எழுவார்கள். இப்போது நாற்பது வயதுக்காரர்களே மேசையும் நாற்காலியும் கேட்கிறார்கள். முழங்கால் மடங்குவதில்லையாம். எனக்கும் மடங்கவில்லை, அதை மறைப்பானேன்? மண்டபத்தில் ஞாயிறு காலை யோக வகுப்பு தொடங்கியபோது கணக்குப் பார்க்கத்தான் போய் உட்கார்ந்தேன். பெண்கள் வந்தார்கள்; ஆடவர் வாசலோடு நின்றுவிட்டார்கள். ஆசிரியை அழைத்தபின் வெட்கத்தோடு கடைசி வரிசையில் சேர்ந்தேன். ஓராண்டுக்குப் பின்னரே இந்த ஆண்டு இராமநவமிக்குத் தரையில் அமர்ந்து பிரசாதம் உண்ண முடிந்தது. என் மாத்திரைகள் அப்படியே தொடர்கின்றன. மருத்துவர் அளவைக் கூட்டவில்லை என்பது எனக்குப் போதும்.

மன உறுதிக்குச் சுவாமிகள் வாழ்விலேயே ஒரு சான்று உண்டு. 1950-ஆம் ஆண்டு சனவரி 8-ஆம் நாள் இரவு வழிபாட்டின்போது ஒருவன் கோடரியால் அவரைத் தாக்க வந்தான். வெட்டு தவறியது. அங்கிருந்தோர் அவனைப் பிடித்து அடிக்கத் தொடங்கினர். சுவாமிகள் தடுத்தார். அவனுக்கு உபதேசமும் நூல்களும் அளித்து, பயணச் செலவையும் கொடுத்து ஊருக்கு அனுப்பி வைத்தார். அதே ஆண்டு செப்டம்பர் முதல் நவம்பர் வரை இந்தியா முழுவதும் இலங்கையிலும் சுற்றுப்பயணம் செய்தார்.

அவருடைய சீடர்களை எண்ணினால் வியப்பே மிஞ்சும். சுவாமி சின்மயானந்தர் கீதையை ஊர்தோறும் கொண்டு சென்றார். சுவாமி சத்தியானந்தர் பீகாரில் முங்கேர் நகரில் யோகப் பள்ளி அமைத்தார். சுவாமி விஷ்ணுதேவானந்தர் கனடாவில் மொன்றியல் நகரிலிருந்து மேலைநாட்டினர்க்கு ஆசனம் கற்பித்தார். கோயம்புத்தூர் மாவட்டத்துச் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர் இலங்கையில் தொண்டு செய்து, பின்னர் அமெரிக்கா சென்றார். ஐக்கிய நாடுகள் சபை சூன் 21-ஐ அனைத்துலக யோகா நாளாக 2014-ஆம் ஆண்டு அறிவித்ததற்கு வெகு முன்னரே இவர்கள் வழி சமைத்துவிட்டார்கள்.

1963-ஆம் ஆண்டு சூலை 14-ஆம் நாள் இரவு, ரிஷிகேசத்துக் கங்கைக் கரையில் தம் குடிலிலேயே சுவாமிகள் மகாசமாதி அடைந்தார். 1923-இல் கப்பலேறியவர் மீண்டும் மலாயா மண்ணை மிதிக்கவில்லை. அவருடைய நூல்களும் வழிவந்த அன்பர்களும் மட்டுமே திரும்பி வந்தனர். பத்துமலைப் பகுதியில் அவர் பெயரால் அமைந்த ஆசிரமம் இன்றும் நடந்து வருகிறது. தைப்பூசத்துக்குச் செல்லும் அன்பர்கள் அங்கும் சென்று வரலாம்.