பவுல் நிப்கோ

பவுல் யூலியஸ் கோட்லீப் நிப்கோ (ஆகஸ்ட் 22, 1860 – ஆகஸ்ட் 24, 1940) ஒரு ஜெர்மானியப் பொறியியலாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். ஒரு படத்தை வரிகளாகவும் புள்ளிகளாகவும் பிரித்து, அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக மின்கம்பி வழியே அனுப்பும் முறையை வகுத்தவர். இவர் வடிவமைத்த சுழலும் வட்டு நிப்கோ வட்டு என அழைக்கப்படுகின்றது. தொடக்ககாலத் தொலைக்காட்சி இதன் அடிப்படையிலேயே உருவானது.

வாழ்க்கைக் குறிப்பு

நிப்கோ, பிரசியாவின் பொமரேனியா மாகாணத்தில் உள்ள லாவன்பர்க் என்னும் ஊரில் பிறந்தார். இவ்வூர் தற்போது போலந்து நாட்டில் லெம்போர்க் என்ற பெயருடன் உள்ளது. பள்ளிப் பருவத்திலேயே தொலைபேசிச் சோதனைகளில் ஆர்வம் காட்டிய இவர், பின்னர் பெர்லினில் ஹெர்மன் வொன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் முதலியோரிடம் பயின்றார். 1883ஆம் ஆண்டு கிறித்துமசுக்கு முந்தைய இரவில், தன் அறையில் தனித்திருந்தபோது வட்டு பற்றிய எண்ணம் இவருக்குத் தோன்றியதாகக் கூறப்படுகிறது. 1884 சனவரியில் மின் தொலைநோக்கி என்ற பெயரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1885 சனவரியில் அது வழங்கப்பட்டது.

நிப்கோ வட்டு

இவ்வட்டில் சிறு துளைகள் சுருள் வடிவில் அமைந்திருக்கும். வட்டு சுழலும்போது ஒவ்வொரு துளையும் படத்தின் ஒரு வரியைக் கடந்து செல்லும். அடுத்த துளை சற்று உட்புறமாக இருப்பதால் அடுத்த வரியைக் கடக்கும். வட்டு ஒரு முறை சுழன்றால் முழுப் படமும் வருடப்பட்டுவிடும். துளை வழியே வரும் ஒளியைச் செலீனியம் மின்னோட்ட மாற்றமாக்கும். மறுமுனையில் அதே வேகத்தில் சுழலும் இன்னொரு வட்டு படத்தை மீண்டும் உருவாக்கும்.

செலீனியம் தரும் மின்னோட்டம் மிகவும் வலுக்குறைந்தது. அதனைப் பெருக்கும் வெற்றிடக் குழாய்கள் அக்காலத்தில் இல்லை. எனவே கருவி செய்யப்படாமலேயே காப்புரிமை காலாவதியானது. நிப்கோ தொடருந்துச் சமிக்கைக் கருவிகள் செய்யும் நிறுவனம் ஒன்றில் வடிவமைப்பாளராகப் பணியாற்றினார்.

வரிகளும் பிரிதிறனும்

துளைகளின் எண்ணிக்கையே படத்தின் வரிகளின் எண்ணிக்கை ஆகும். 1920களின் இறுதியில் ஜெர்மனியில் 30 வரிகள் பயன்பட்டன. அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 4:3 என்பதால் ஒரு வரிக்கு 40 புள்ளிகள் என்ற கணக்கில் ஒரு படத்தில் 1200 புள்ளிகள் இருந்தன. வரிகளை 60 ஆக்கினால் வரிக்கு 80 புள்ளிகள் தேவைப்படும். மொத்தம் 4800 ஆகும். அதாவது பிரிதிறனை இருமடங்காக்கப் புள்ளிகள் நான்கு மடங்காக வேண்டும்.

இதற்கு வட்டு இடங்கொடுக்கவில்லை. 50 செ.மீ. விட்டமுள்ள வட்டின் விளிம்பில் 30 துளைகள் இருப்பின் படத்தின் அகலம் ஏறத்தாழ 5 செ.மீ. இருக்கும். 60 துளைகள் இருப்பின் அது பாதியாகும். துளைகளும் சிறுத்து, உள்ளே செல்லும் ஒளி குறையும். படத்தை ஆடியால் பெரிதாக்கிக் காட்டலாம். ஆனால் புள்ளிகளின் எண்ணிக்கை கூடாததால் புதிய விவரம் எதுவும் கிடைக்காது. இன்றைய இணையப் படங்களுக்கும் இது பொருந்தும்.

பிற்காலம்

1926இல் ஜான் லோகி பெயர்டு இலண்டனில் இவ்வட்டைக் கொண்டு தொலைக்காட்சியைச் செய்து காட்டினார். நிப்கோ தொலைக்காட்சியை முதன்முதலாகக் கண்டது 1928இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஆகும். அப்போது அவருக்கு அகவை 68. 1935இல் பெர்லினில் 180 வரிகளுடன் தொடங்கிய தொலைக்காட்சி நிலையத்துக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. தொலைக்காட்சி ஜெர்மானியரின் கண்டுபிடிப்பே என நிறுவ விரும்பிய நாசி அரசு, அவரது முதுமைப் புகழைத் தன் பரப்புரைக்குப் பயன்படுத்திக்கொண்டது. தமது 80ஆவது பிறந்த நாளுக்கு இரு நாட்கள் கழித்து நிப்கோ பெர்லினில் காலமானார்.

தாக்கம்

1930களின் பிற்பகுதியில் மின்னணுக் குழாய்கள் வட்டின் இடத்தைப் பிடித்தன. எனினும் படத்தை வரிவரியாக வருடும் கருத்து நிலைத்தது. படவணுவைக் குறிக்கும் பிக்சல் என்ற சொல் 1965இல் அச்சில் வெளியானது. 1920 × 1080 அளவுள்ள படத்தில் 20,73,600 படவணுக்கள் உள்ளன. இது 1200 புள்ளிப் படத்தைப் போல 1728 மடங்கு ஆகும்.