குருதித் துளியில் குறை கண்டவர்: லூசி வில்ஸ் அம்மையார்

நாம் பிழைப்பு நாடி வந்து குடியேறிய இம்மும்பை மாநகரின் பரேல் பகுதியில் ஹாஃப்கின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதன் வாயிலை நம்மில் பலர் நாள்தோறும் கடந்து செல்கிறோம். அங்கே 1928ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த ஓர் ஆங்கில மாதரசியின் வரலாற்றை இம்மலரில் நினைவுகூர விழைகிறோம்.

லூசி வில்ஸ் அம்மையார் 1888ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் இங்கிலாந்தில் பர்மிங்காமை அடுத்த ஊர் ஒன்றில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் கற்றார். பின்னர் இலண்டனில் மருத்துவம் பயின்று, 1920இல் தேர்ச்சி பெற்றார்.

அந்நாளில் பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில், கருவுற்ற பெண்கள் பலர் கடும் இரத்தசோகையால் மாண்டனர். அதன் காரணத்தை ஆராயவே அம்மையார் அழைக்கப்பட்டார்.

நலமுள்ள உடலில் சிவப்பணு, இருபுறமும் நடுவில் குழிந்த வட்டத் தட்டுப் போன்றது. அவ்வடிவு திரிந்தால் அது நோயின் அடையாளமாகும். இரும்புச்சத்துக் குறைந்தால் அணு சிறுத்து வெளுக்கும். பரம்பரை நோய் ஒன்றில் அது பிறைபோல் வளையும். அம்மையார் நுண்ணோக்கியில் கண்ட அணுக்களோ அளவிற் பெருத்து, முட்டை வடிவு கொண்டிருந்தன. வளரும் அணு உரிய காலத்தில் பிளவுபட இயலாமையே அதற்குக் காரணம். கிருமி எதுவும் அகப்படாமையால், அம்மையார் அப்பெண்களின் உணவுத் தட்டை நோக்கினார். வறுமையால் அவர்கள் உணவில் கீரையும் கனியும் அரிதாகவே இருந்தன.

நம் நீலகிரிக் குன்னூரின் பாஸ்டர் நிலையத்தில் அவ்வுணவையே எலிகளுக்கு ஊட்டிச் சோதித்தார். 1931இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் பணியாற்றினார். மது வடிக்குமிடத்தில் எஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்னும் மலிவான சாற்றைக் கொடுத்தபோது நோயாளிகள் தேறினர். அம்முடிவை 1931இல் வெளியிட்டார். பிறிதொரு சோகையைத் தீர்த்த தூய்மைப்படுத்திய ஈரற்சாறு இந்நோய்க்குப் பயன்படவில்லை. ஆதலின் இது வேறொரு சத்தின் குறைவே என்பது தெளிவாயிற்று.

பெயரறியா அச்சத்தை உலகம் வில்ஸ் காரணி என்றே வழங்கிற்று. 1941இல் அமெரிக்க அறிஞர்கள் பசலைக்கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். கருவுறுமுன்னரே அதை உட்கொண்டால் குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைகளுள் பெரும்பாலானவற்றைத் தடுக்கலாம் என்பது 1991இல் நிறுவப்பட்டது. அதைக் காண அம்மையார் இல்லை. 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் அவர் மறைந்தார்.

அம்மையார் மணம் புரியவில்லை; பெரும் பரிசில்களையும் பெறவில்லை. எனினும் இன்று கருவுற்ற பெண்களுக்கு மருத்துவர் தரும் மாத்திரையில் அவருடைய உழைப்பு உறைந்திருக்கிறது. நம் இல்லத்துப் பெண்களுள் எவரேனும் சோர்வும் வெளிறலும் உற்றால், அதை வீட்டுவேலைக் களைப்பென்று தள்ளிவிடுதல் தகாது. ஒரு துளிக் குருதியைச் சோதித்தறியச் செய்வோம். எச்சத்துக் குறைந்தது என்று தெரியாமல் மருந்து கொள்வதையும் தவிர்ப்போம். ஒன்றின் குறைவை மற்றொன்று மறைத்துவிடக்கூடும். வீட்டில் அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் தாயின் தட்டில் முதலில் கீரையை இடுவோமாக. அதுவே இவ்வம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றி.