நடுக்கத்தைக் கூர்ந்து பார்த்த மருத்துவர்



ஏப்ரல் 11 உலக பார்கின்சன் தினம். பார்கின்சன் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதும் அவருடைய பிறந்த நாள்தான் அது என்பதும் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜேம்ஸ் பார்கின்சன் 1755-ல் லண்டன் நகரை ஒட்டிய ஹாக்ஸ்டனில் பிறந்தார். அப்பாவும் வைத்தியர், மகனும் அதே ஊரில் அதே தொழிலைச் செய்தார். ஏழைகளுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று புனைபெயரில் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். மன்னரைக் கொல்லச் சதி நடந்ததாகச் சிலர் கைதானபோது, 1794-ல் பிரிவி கவுன்சில் முன் நின்று சாட்சி சொன்னார். புதைபடிவங்களைச் சேகரித்து, 1807-ல் லண்டன் புவியியல் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார்.

1817-ல், 62 வயதில், நடுக்குவாதம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார. அதில் வருவது ஆறே நோயாளிகள். அவர்களிலும் சிலர் அவர் தெருவில் பார்த்தவர்கள்தான். சும்மா இருக்கும்போது கை நடுங்குவது, உடல் முன்னோக்கி வளைவது, நடை தன்னையறியாமல் ஓட்டமாவது எல்லாவற்றையும் குறித்து வைத்தார். முதுமையின் தளர்ச்சி என்று விட்டுவிடாமல், இது தனி நோய் என்றார். கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் கோளாறு என்று அவர் நினைத்தது தவறு. மூளையின் ஒரு பகுதியில் டோபமின் சுரக்கும் செல்கள் அழிவதுதான் காரணம் என்பது 20-ம் நூற்றாண்டில்தான் தெரிந்தது.

1824-ல் அவர் இறந்தபோது அந்த நூலைப் பெரிதாகப் பேசுவார் இல்லை. பல ஆண்டுகள் கழித்து பாரிஸ் மருத்துவர் ஷார்கோதான் நோய்க்கு அவர் பெயரை வைத்தார். இணையத்தில் அவருடையது என்று உலவும் தாடிக்காரர் புகைப்படம் வேறொருவருடையது. கேமரா பரவுவதற்கு முன்பே இவர் காலமாகிவிட்டார்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், வங்கி கவுண்டரில் இருந்தபோது ஒரு பெரியவரின் ஸ்லிப்பைக் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று மூன்று முறை திருப்பிக் கொடுத்திருக்கிறேன். மாதத்துக்கு மாதம் எழுத்து சிறுத்துக்கொண்டே வந்தது. அலட்சியம் என்று நினைத்தேன். எழுத்து சிறுப்பதும் இந்த நோயின் அடையாளம் என்று பின்னால்தான் அறிந்தேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களைப் பாருங்கள். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் இருக்கிறதா? சட்டைப் பொத்தான் போட வெகுநேரம் ஆகிறதா? குரல் தணிந்து, முகத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டதா? காபி மணம் தெரியவில்லை என்கிறாரா? இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். நடுக்கம் இல்லாமலும் இந்த நோய் வரலாம். எனவே நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். முற்றிலும் குணமாக்க இன்னும் வழியில்லை என்றாலும், மருந்தும் உடற்பயிற்சியும் அன்றாட வாழ்க்கையை எளிதாக்கும்.

நம் குடியிருப்பில் லிஃப்டுக்குள் மெதுவாக அடியெடுத்து வைப்பவர் யாராவது இருந்தால், அவசரப்படுத்தாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.